வெனிங்கும் நிறம் சொல்லும் பட்டையும்

இந்தோனேசியாவில், வடக்கு செமாராங்கில் கடல் அழைக்காமலே வீட்டுக்குள் வரும். ரோப் என்று அதற்குப் பெயர். மழை வேண்டாம், புயல் வேண்டாம். நிலா ஒரு பக்கம் நின்று இழுத்தால் போதும், சாக்கடை வழியாக ஏறி, சந்தெல்லாம் நனைத்து, வாசற்படியைத் தாண்டி, நாற்காலிக் கால்களைச் சுற்றி நின்றுவிட்டு, சில மணி நேரத்தில் தானே போய்விடும். அங்கே ஒரு சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைத் திட்டினார்கள். திட்டாத ஒரே ஆள் வெனிங்.

வெனிங்குக்கு முப்பத்தாறு வயது. சந்து முனையில் இபு முர்னியின், அதாவது முர்னி அம்மாவின், சலவைக் கடையில் பதினோரு வருடமாக வேலை. துணியை நிறுத்து வாங்குவது, வெள்ளையையும் நிறத்தையும் பிரிப்பது, மெஷினில் போடுவது, உலர்த்துவது, மடிப்பது எல்லாம் அவள். வருகிறவர்களிடம் பேசுவது மட்டும் இபு முர்னி. பேசுவதை இபு முர்னி ஒரு வேலையாகவே எண்ணியதில்லை என்பதால் இந்தப் பங்கீட்டில் இருவருக்குமே லாபம்.

வெனிங் ஆறு வயது வரை பேசவில்லை. அதற்குப் பிறகும், பேச்சு அவளிடம் நிரந்தரமாகத் தங்கவில்லை. நல்ல நாளில் நான்கைந்து வார்த்தை சேர்ந்து வரும். சத்தம் அதிகமான இடத்தில், ஆட்கள் நெருக்கிய இடத்தில், தொண்டையில் கதவைச் சாத்தியது போல நின்றுவிடும். மூன்று பள்ளிக்கூடங்கள் அவளைச் சேர்த்துக்கொண்டன. மூன்றும் பெற்றோரைக் கூப்பிட்டு, வேறு பள்ளிக்கூடம் அவளுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று அன்போடு சொல்லின. இருபத்து மூன்றாவது வயதில் ஒரு டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அதுவரை சந்தில் சூட்டியிருந்த பெயர்களோடு ஒப்பிட்டால் அது மரியாதையாகவே இருந்தது.

கைபேசி வந்த பிறகு வாழ்க்கை கொஞ்சம் சுலபமாயிற்று. தட்டினால் எழுத்து, எழுத்தைத் தொட்டால் குரல். அந்தக் குரல் வானொலியில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் போல இருக்கும். வெனிங் அந்தக் குரலில் இபு முர்னியிடம், "இந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர் எதைத் தின்றார்?" என்று கேட்பாள்.

அவளிடம் இன்னொரு திறமை இருந்தது. ரோப் எப்போது வரும், எவ்வளவு உயரம் வரும் என்று சொல்லுவாள். துறைமுகம் வெளியிடும் அலை அட்டவணை எல்லோருக்கும் கிடைப்பதுதான். ஆனால் அது கடலுக்கான அட்டவணை, சந்துக்கானது இல்லை. காற்று எந்தப் பக்கம், நீரேற்று நிலையத்தில் எத்தனை பம்பு ஓடுகிறது, சாக்கடையில் எவ்வளவு குப்பை என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, கடையின் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பாள். 'வியாழன், 3.50, இரண்டு சாண்.' வியாழக்கிழமை மூன்று மணிக்கு இபு முர்னி கீழே இருக்கும் துணிக்கூடைகளை மேலே ஏற்றி, மெஷின்களை மரக்கட்டைமேல் தூக்கிவைக்க ஆள் கூப்பிடுவாள். பக்கத்தில் தெம்பே என்னும் சோயாக் கட்டி பொரித்து விற்கும் வியாபாரியும், எதிர்வீட்டு மோட்டார் மெக்கானிக்கும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் நாளைத் தொடங்குவார்கள்.

மூன்று ஐம்பதுக்கு வெனிங் வாசலில் நிற்பாள். தண்ணீரின் முதல் நாக்கு சந்து முனையில் எட்டிப் பார்த்ததும், விரல்களை உதறுவாள், குதிகாலில் எழும்பி எழும்பி நிற்பாள், தொண்டையிலிருந்து ஒரு நீண்ட "ம்ம்ம்" வரும். உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். கணக்கு சரியாக வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

அவள் அக்கா லாஸ்மிக்கு மட்டும் அது பழகவில்லை. அம்மா இறந்தபோது வெனிங்குக்குப் பத்தொன்பது வயது. அன்றிலிருந்து அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள் லாஸ்மி. சின்ன வயதில் சந்தையில் ஒருமுறை லாஸ்மி கையை விட்டதால் வெனிங் ஆறு மணி நேரம் காணாமல் போயிருந்தாள். அந்த ஆறு மணி நேரம் லாஸ்மிக்கு இன்னும் முடியவில்லை. தங்கை கையை உதறினால் இவள் ஓடிவருவாள். "என்னடி பண்ணுது? எங்கடி வலிக்குது?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் தானே ஒரு பதிலை முடிவு செய்துகொள்வாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

தலைவி இபு ஹெர்மின். ஐம்பது வயது, சந்தன நிறத் தலைமுக்காடு, யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். கூடவே மாஸ் அரியோ என்ற பொறியாளர் (மாஸ் என்றால் அண்ணன் மாதிரி; கணவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), முப்பதைத் தாண்டியவர், தான் செய்த பொருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கட்டும் ஒரு ரப்பர் பட்டை. நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளக்கும். அமைதியாக இருந்தால் பச்சை, குழப்பம் என்றால் மஞ்சள், துன்பம் என்றால் சிவப்பு. அந்த நிறம் வீட்டுக்காரர்களின் கைபேசியில் தெரியும்.

"சொல்லத் தெரியாதவங்களுக்காக இந்தப் பட்டை சொல்லும், லாஸ்மி. உங்க தங்கச்சி மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு இனிமே நீங்க ஊகிக்கவே வேண்டாம்" என்றார் இபு ஹெர்மின்.

லாஸ்மியின் கண் கலங்கிவிட்டது. பதினேழு வருடமாக அவள் செய்துவந்தது ஊகம் ஒன்றைத்தான்.

சம்மதப் படிவத்தில் லாஸ்மி கையெழுத்துப் போட்டாள். பக்கத்து நாற்காலியில் வெனிங் உட்கார்ந்திருந்தாள். சலவைக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது ரசீதில் கையெழுத்துப் போடுகிறவள் அவள். பேனா அவளைத் தாண்டித்தான் போயிற்று, அவளைத் தாண்டித்தான் திரும்பி வந்தது. படிவத்தின் தலைப்பு 'உங்கள் குரல், உங்கள் உரிமை' என்று இருந்தது.

வெனிங் பட்டையைக் கட்டிக்கொண்டாள். ரப்பர் மிருதுவாக இருந்தது, பின்பக்கம் ஒரு சின்னப் பச்சை ஒளி மினுங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தவிர, அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

முதல் ரோப் நான்காம் நாள் வந்தது. சுவரில் எழுதியிருந்ததற்கும் தண்ணீர் வந்ததற்கும் இரண்டு நிமிட வித்தியாசம். வெனிங் வாசலில் எழும்பி எழும்பிக் குதித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு சந்து தள்ளி லாஸ்மியின் கைபேசி அலறியது. சிவப்பு. ரத்தச் சிவப்பு. லாஸ்மி முழங்கால் தண்ணீரில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நிங்! பயப்படாதே, நான் வந்துட்டேன்! பார்த்தீங்களா இபு முர்னி? இத்தனை வருஷம் தண்ணியைக் கண்டு இவ நடுங்கிட்டு நின்னிருக்கா. நமக்குத் தெரியவே இல்லையே!"

"நடுங்கினாளா? இவளா?" என்றாள் இபு முர்னி.

"பட்டை சொல்லுதே!"

வெனிங் கைபேசியை எடுத்தாள். ஆனால் அக்கா தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், சுற்றிலும் நான்கு பேர் கூடிவிட்டார்கள், விரல் சரியான எழுத்தில் விழவில்லை. தொண்டை சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், பட்டை சொன்னதே உறுதி என்று ஆகிவிட்டது.

அடுத்த ஏற்றம் வருவதற்குள் ஏற்பாடு தயார். லாஸ்மியின் கணவன் ஹந்தோகோவுக்கு மேட்டுப் பகுதியில், பன்யுமானிக்கில், ஒரு அண்ணன் வீடு. அங்கே ஓர் அறை காலியாக இருந்தது. ஏற்றம் வரும் நாட்களில் வெனிங்கை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எந்த நாளில் ஏற்றம் என்று தெரிந்துகொள்ள, லாஸ்மி கடைச் சுவரில் வெனிங் எழுதிவைத்திருந்ததைத்தான் பார்த்து எழுதிக்கொண்டாள்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, வெள்ளையடித்த சுவர். செய்வதற்கு எதுவும் இல்லை, பார்ப்பதற்கும் இல்லை. வெனிங் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். முதலில் கை சும்மா ஆகும், பிறகு யோசனை சும்மா ஆகும். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழும், எழுந்திருக்க வராது. மாலைவரை அப்படியே கிடப்பாள்.

கீழே தன் வீட்டில் லாஸ்மி கைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போய்க் கணவனைக் கூப்பிடுவாள். "மாஸ், இங்க பாருங்களேன்! காலைல இருந்து பச்சை! ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை."

"அண்ணன் வீட்டுக் காத்து அப்படி" என்பான் ஹந்தோகோ.

பட்டை நன்றாகவே வேலை செய்தது. கடையிலும் கண்டுபிடித்தது. வியாழக்கிழமைகளில் ஒரு விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகள் வரும். அகலமான வெள்ளை விரிப்பை ஒரு முனையில் வெனிங்கும் மறு முனையில் இபு முர்னியும் பிடித்து உதறும்போது உள்ளே காற்று புகுந்து பந்தலாக எழும்பும். வெனிங் வாய்விட்டுச் சிரிப்பாள். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு லாஸ்மியின் ஃபோன் வந்தது.

"இபு முர்னி, அவளுக்கு இப்ப என்ன வேலை குடுத்தீங்க?"

"விரிப்பு மடிக்கிறோம்."

"சிவப்பு காட்டுது. வேண்டாம் இபு, வேற ஏதாவது லேசான வேலை குடுங்க."

"ஏம்மா, இவ சிரிச்சுக்கிட்டு இருக்கா!"

"உள்ளுக்குள்ள என்னன்னு நமக்குத் தெரியாதில்ல?"

வெனிங்குக்குக் காலுறை ஜோடி சேர்க்கும் வேலை கிடைத்தது. பச்சை வந்தது. மாலையில் மெக்கானிக்கின் வீட்டில் மீன்தொட்டி பார்க்கப் போவது நின்றது. தெம்பே பொரிக்கிற சட்டியின் அருகில் நின்று குமிழி பார்ப்பதும் நின்றது. ஏழு வாரத்தில் அவள் நாட்களிலிருந்து சிவப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல, அவ்வளவு அக்கறையாக.

சுவரில் பென்சில் எழுத்தும் நின்றுபோயிற்று. மேட்டிலிருந்து காற்றும் தெரியாது, பம்பும் கேட்காது. எழுத மனமும் இல்லை. லாஸ்மி துறைமுக அட்டவணையைப் பார்த்து ஏற்ற நாட்களைக் குறித்துக்கொண்டாள்.

பதினோராவது வாரம் ரோப் வந்தது. அட்டவணைப்படி மாலை ஐந்துக்குத்தான் ஏற்றம். ஆனால் வடக்குக் காற்று காலையிலிருந்தே தள்ளிக்கொண்டிருந்தது, ஒரு பம்பு பழுதாகி நின்றிருந்தது. தண்ணீர் மூன்று மணிக்கே வந்தது, நான்கு சாண் வந்தது. சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பதால் யாரும் எதையும் தூக்கவில்லை. இபு முர்னியின் இரண்டு சலவை மெஷினும் உலர்த்தும் மெஷினின் மோட்டாரும் உப்புத்தண்ணீரில் உட்கார்ந்துவிட்டன. ஒரு கல்யாண வீட்டுக்காக எல்லோரும் ஒரே மாதிரி தைத்திருந்த பதினெட்டு மாந்தளிர் நிறச் சட்டைகள் சாக்கடைத் தண்ணீரில் மிதந்து தெம்பே வியாபாரியின் கடைவரை ஊர்வலம் போயின.

அந்த நேரத்தில் லாஸ்மி வீட்டில் உலர்ந்த இடமாகப் பார்த்துக் கட்டில்மேல் உட்கார்ந்து, கைபேசியில் பச்சையைப் பார்த்து நிம்மதியாக இருந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் இபு முர்னி வந்தாள். பாவாடை முழங்கால்வரை சேறு.

"உன் தங்கச்சியை மலைமேல கொண்டுபோய்ப் பூட்டி வெச்சு என்னடி சாதிச்சே?"

"பூட்டலை இபு. அமைதியா இருக்கா. தண்ணி வந்தா பயப்படுறா..."

"பதினோரு வருஷம் நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். தண்ணி வந்தா, கல்யாண வீட்டு வாசல்ல மாப்பிள்ளையைப் பார்க்க நிக்கிற மாதிரி நிப்பா. அது பயமா?"

"பட்டை சிவப்பு காட்டுச்சே!"

"மாப்பிள்ளை வர்றப்ப உனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுதா இல்லையா? அன்னிக்கு இதைக் கட்டியிருந்தா உன்னையும் கூட்டிட்டுப்போய் மலைமேல படுக்க வெச்சிருப்பாங்க!"

லாஸ்மி அந்தப் பதினெட்டுச் சட்டைகளையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள், கையாலேயே, மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள். சாக்கடை நாற்றம் போயிற்று. மாந்தளிர் நிறமும் பாதி போயிற்று.

மறுவாரம் அறக்கட்டளையின் கூட்டம். குளிரூட்டிய அறை, மேசைமேல் லும்பியா என்ற பொரித்த சுருள்கள் நிறைந்த பெட்டிகள், சுவரில் ஒரு வரைபடம். பச்சைக் கோடு ஒன்று மூலையிலிருந்து கிளம்பிக் கூரையை நோக்கிப் போயிற்று.

"நம்ம திட்டத்தோட நட்சத்திரம் வெனிங்தான்" என்றார் இபு ஹெர்மின். "நூத்துக்கு நாப்பத்தோரு பங்கு இருந்த பச்சை, பன்னிரண்டு வாரத்துல எழுபத்தெட்டு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் வெனிங் காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒருவர் அதையும் புகைப்படம் எடுத்தார். 'மிக அமைதியான பங்கேற்பாளர்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட சான்றிதழை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைபேசியில் தட்ட ஆரம்பித்தாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இபு ஹெர்மின் புன்னகையோடு காத்திருந்தார். இரண்டாவது நிமிடம் புன்னகை கொஞ்சம் களைத்தது.

"ரொம்ப நெகிழ்ந்துபோயிருக்காங்க. வார்த்தை வரலை. நாம அடுத்த பேரைக் கூப்..."

"அவ இன்னும் முடிக்கலை" என்றாள் லாஸ்மி. தன் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் அவளே திடுக்கிட்டாள்.

நான்காவது நிமிடம் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் பேசியது.

"சிவப்புல பாதி என் சந்தோஷம். தண்ணி, விரிப்பு, மீன்தொட்டி. அதையெல்லாம் எடுத்துட்டீங்க. பச்சை நான் அமைதியா இருந்தது இல்லை. நான் உள்ள இல்லவே இல்லை. அந்தக் கோடு அவ்வளவு உசரம் போனதுக்கு எனக்கு அவ்வளவு நாள் போச்சு."

லும்பியா மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். மாஸ் அரியோ மட்டும் எழுந்து வந்து, அவளுக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

"பாதி சந்தோஷம்னா, மீதிப் பாதி?"

அவள் தட்டினாள். "மிக்சி. பட்டாசு. கைதட்டல். அதுவும் சிவப்புதான்."

"அப்ப ரெண்டையும் பிரிக்கிறது எப்படின்னு தெரியலையே. நாடி ரெண்டுலயும் ஒண்ணாத்தான் ஓடும். இன்னொரு சென்சார் வெச்சா ஒருவேளை..."

"ஒரு வழி இருக்கு."

"என்ன?"

"என்கிட்ட கேக்குறது."

இபு ஹெர்மின் குனிந்து வெனிங்கின் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, உங்களுக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னுதானே இதைச் செஞ்சோம். கேட்டா நீங்க பதில் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, பாருங்க."

"நாலு நிமிஷம்" என்றது கைபேசி. "பன்னிரண்டு வாரத்துல உங்களுக்கு நாலு நிமிஷம் இல்லையா?"

பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அவள் இன்னும் கொஞ்சம் தட்டினாள். பட்டையை இன்னும் கட்டிக்கொள்ளத் தயார் என்றது குரல். ஒரே ஒரு நிபந்தனை: அவள் கட்டினால் எல்லோரும் கட்ட வேண்டும். அக்கா, மாமா, மாஸ் அரியோ, இபு ஹெர்மின். ஒரு வாரம். நிறங்கள் வெனிங்கின் கைபேசிக்கு வரும்.

"நான் எப்படி? எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. அதெல்லாம் தனிப்பட்ட விஷயம் இல்லையா?" என்றார் இபு ஹெர்மின். சொல்லி முடித்த பிறகுதான் அறை முழுவதும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தார். அறக்கட்டளை இதைப் பற்றி ஆலோசிக்கும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

மற்ற மூன்று பேரும் கட்டிக்கொண்டார்கள். மாஸ் அரியோ ஆர்வத்தால், லாஸ்மி வெட்கத்தால், ஹந்தோகோ லாஸ்மியின் முகத்தைப் பார்த்ததால்.

பட்டையோடு தந்த குறிப்பேட்டை வெனிங் ஏற்கெனவே படித்து முடித்திருந்தாள். 'சிவப்பு வந்தால் காரணத்தை அகற்றுங்கள். அவரை அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் மறுத்தாலும் பொறுமையாகத் தொடருங்கள்.' அவள் எழுத்துப் பிசகாமல் தொடர்ந்தாள். அதில் பழிவாங்கும் எண்ணம் இருந்ததா என்று பின்னால் இபு முர்னி கேட்டதற்கு, "கொஞ்சம்" என்று வாயாலேயே சொன்னாள்.

முதல் நாள் ஹந்தோகோ தொலைக்காட்சியில் பூப்பந்து இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது செட், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. சிவப்பு. வெனிங் வந்தாள், தொலைக்காட்சியை அணைத்தாள், அவன் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய், தலையணை கொடுத்து, கதவைச் சாத்தினாள்.

"ஏ நிங்! கடைசி ரெண்டு பாயிண்ட்டு! திறடி!"

"மறுத்தாலும் பொறுமையா தொடரணும்" என்றது கதவுக்கு வெளியே செய்திக் குரல்.

மறுநாள் அலுவலகத்தில் அவனுக்கு மேலதிகாரியின் கூட்டம். இரண்டு மணி நேரம் அப்பழுக்கில்லாத பச்சை. அங்கே அவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான் என்பது ஊருக்கே தெரியும். வெனிங் அவனுக்குச் செய்தி அனுப்பினாள்: 'மாமாவுக்குக் கூட்டம் நல்லது. தினமும் போகவும்.'

லாஸ்மியின் முதல் சிவப்பு நாத்தனார் ஃபோனில் வந்தது. வெனிங் ஃபோனை வாங்கித் துண்டித்தாள். லாஸ்மி உள்ளூர நன்றி சொன்னாள். ஆனால் இரண்டாவது சிவப்பு, அடுத்த வீட்டுக்காரி வந்து சந்துக் கதை ஒன்றைச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தபோது வந்தது. வெனிங் அடுத்த வீட்டுக்காரியை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மூன்றாவது, சம்பல் அரைக்கும்போது மிளகாயின் காரத்தில். அம்மியும் குழவியும் பரணில் ஏறின. அன்று வீட்டில் மூன்று பேரும் உப்பில்லாத கஞ்சியைப் பச்சையாக, நிம்மதியாகக் குடித்தார்கள்.

மாஸ் அரியோவுக்குச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய சிவப்பு ஆறு வரை இறங்கவே இல்லை. 'எங்கே இருக்கிறீர்கள்? காரணத்தை அகற்ற வருகிறேன்' என்று வெனிங் எழுதினாள். அவர் அப்போது தான் விரும்பிய பெண்ணின் அப்பாவுக்கு எதிரே, முதன்முறையாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சட்டைக் கைக்குள்ளேயே பட்டையைக் கழற்றி ஜேபியில் போட்டார். போட்ட அந்தக் கணத்தில்தான், தன்னுடைய பட்டையில் கட்டியிருப்பவர் தானாகக் கழற்ற முடியாதபடி ஒரு பூட்டு வைக்கலாம் என்று போன மாதம் தானே எழுதிய யோசனை ஞாபகம் வந்து, காது சூடாயிற்று.

மூன்றாம் நாள் லாஸ்மி உடைந்தாள். பழைய பாட்டு ஒன்றை வானொலியில் கேட்டு அவள் கூடவே பாட ஆரம்பித்ததும், வெனிங் வந்து வானொலியை அணைத்தாள்.

"போதும்டி! சிரிக்க விடலை, சமைக்க விடலை, ஒரு பாட்டு கேக்க விடலை! எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பிடுங்கிட்டியே, அப்புறம் நான் எதுக்குடி..."

அங்கே நிறுத்திவிட்டாள். வெனிங் வானொலியின்மேல் வைத்த கையை எடுக்காமல், அக்காவின் தோளுக்கு அப்பால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாஸ்மி தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பட்டை சிவப்பு காட்டிக்கொண்டே இருந்தது. வெனிங் இந்த முறை எதையும் அகற்றவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி வந்தா உனக்குச் சந்தோஷமாடி?" என்று கேட்டாள் லாஸ்மி. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஊகிக்காமல் காத்திருப்பது அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

"சொன்ன நேரத்துக்கு வந்தா."

"வரலைன்னா?"

"கோபம்."

"யார் மேல?"

"காத்து மேல."

லாஸ்மிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பதினேழு வருடத்தில் இப்படி ஒரு பேச்சு அவர்களுக்குள் நடந்ததில்லை. நடக்க முடியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியதும் இல்லை, அவள் தேடியதும் இல்லை.

வெனிங் பட்டையை எறிந்துவிடவில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு அதனால் ஒரு பயன் இருந்தது, ஆனால் அது குறிப்பேட்டில் இல்லாத பயன். தாகம், பசி, உடம்புச் சூடு இவையெல்லாம் அவளுக்கு நேரத்தில் தெரியாது. உலர்த்தும் மெஷின் பக்கத்தில் வேலை செய்து இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். மாஸ் அரியோ கடைக்கு வந்து மூன்று மாலை அவளோடு உட்கார்ந்து பட்டையை மாற்றினார். நிறங்களை எடுத்துவிட்டார். நாடி ஏறினால் அவள் மணிக்கட்டில் மட்டும் மெல்ல அதிரும். யாருடைய கைபேசிக்கும் போகாது. அதிர்ந்ததும் அவள் யோசிப்பாள்: விரிப்பா, தாகமா, மிக்சியா? தாகம் என்றால் தண்ணீர் குடிப்பாள். விரிப்பு என்றால் சிரித்துக்கொண்டே உதறுவாள்.

அறக்கட்டளைக்கும் அவளுடைய இந்த அதிரும் பட்டை யோசனை பிடித்துப்போயிற்று. அவர்கள் அச்சிட்ட புதிய விளம்பரத்தாளில் 'பயனாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது' என்ற வரி வந்தது. கீழே வெனிங்கின் படம், காதைப் பொத்திக்கொண்டிருந்த அதே படம், கையை மட்டும் வெட்டிவிட்டு. இரண்டாம் கட்டச் சோதனைக்கு அவளை அழைத்தார்கள். இந்த முறை பேனா அவளிடமே வந்தது. அவள் படிவத்தை இரண்டு நாள் படித்து, ஓரத்தில் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினாள்: 'எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் கழற்றுவேன்.' சட்ட ஆலோசகர் மிகவும் பண்பாகப் பதில் எழுதினார். கழற்றும் உரிமையை அறக்கட்டளை முழுமனதோடு மதிக்கிறதாம். ஒவ்வொரு முறையும் காரணத்தை மட்டும் கீழுள்ள கட்டத்தில் நிரப்பிவிட்டால் போதுமாம்.

வெனிங் கையெழுத்துப் போடவில்லை.

மாஸ் அரியோ அந்த வேலையிலிருந்து விலகினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். விலகவில்லை; வீட்டுக் கடன் இருந்தது, கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. ஆனால் பூட்டு யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புதிதாக எது செய்தாலும் முதலில் தன் கையில் கட்டி, நிறத்தைத் தன் வருங்கால மாமனாருக்கு அனுப்பலாமா என்று யோசிப்பார். அனுப்ப மனம் வராவிட்டால் அந்த யோசனையை அழித்துவிடுவார். நிறைய அழித்தார் என்று கேள்வி.

இபு முர்னி பழைய மோட்டார்களை மெக்கானிக்கை வைத்துச் சரிசெய்து, உயரமான மேடைமேல் வைத்துவிட்டாள். கல்யாண வீட்டார் வெளுத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு, அதுதான் இப்போதைய நாகரிகம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தார்கள்.

வெனிங் இப்போது வாரத்தில் ஆறு நாள் பட்டையைக் கட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். எங்கே போகிறாள், ஏன் கழற்றுகிறாள் என்று லாஸ்மி ஒரு முறை கேட்டாள். நான்கு நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் வெனிங்.

லாஸ்மி, "சரி, மதியச் சாப்பாட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு மிளகாய் அரைக்கப் போனாள்.